பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், தம்பி

ராயப்பன்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கட்டுரையில் ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்ற கேள்வி 27 இடங்களில் வருகிறது. 27 முறையும் வகுப்பு ஒரே குரலில் ‘எஸ் சார்’ என்கிறது. ஒரு பிள்ளைகூட ஒரு தடவையாவது ‘நோ சார்’ என்று சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கையில் சிவப்புப் பேனாவோடு படிக்கும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றையும் சுழித்து எண்ணினேன். பத்தைத் தாண்டியதும் எரிச்சல் வந்தது. இருபதைத் தாண்டியதும் உங்களுக்குக் கடிதம் எழுதியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் என் மகனைவிட இளையவர். ‘சார்’ என்று எழுதினால் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுகிற மாதிரி இருக்கும். தம்பி என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எட்டாம் வகுப்பில் நடத்திய ஒரு பீரியடைச் செல்போனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு, ஒரு வரி விடாமல் எழுதி ஆசிரியர்களுக்கான சிற்றிதழில் வெளியிட்டிருக்கிறீர்கள். நம் ஆட்கள் இப்படிச் செய்வதில்லை. ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர், கற்றல் விளைவுகள் எட்டப்பட்டன’ என்று இரண்டு வரி, கூடவே பிள்ளைகள் கைதூக்கி நிற்கும் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். நீங்கள் உங்கள் தடுமாற்றத்தையும் சேர்த்து அச்சில் ஏற்றியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களைத் திட்ட முடிகிறது. மற்றவர்கள் எழுதியதில் திட்டுவதற்குக்கூட ஒன்றும் கிடைப்பதில்லை.

புதுச் சொற்களை முதலில் சொல்லிக் கொடுப்பது, கரும்பலகையைப் பிரித்து எழுதுவது, கடைசி பெஞ்சு வரை நடந்து போவது, இதெல்லாம் நாம் இருவரும் பி.எட். படித்தபோதே கேட்டதுதான். உங்கள் பிரதியில் அவை சரியாகவே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தக் கேள்வி. ‘புரிகிறதா?’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? புரிந்த பிள்ளை ஆமாம் என்னும். புரியாத பிள்ளை, புரியவில்லை என்று சொன்னால் பக்கத்து பெஞ்சு திரும்பிப் பார்க்குமே என்று அதைவிடச் சத்தமாக ஆமாம் என்னும். பாதி புரிந்த பிள்ளைக்குத் தனக்கு எந்தப் பாதி புரியவில்லை என்றே தெரியாது. ஆக மூன்று பேரிடமிருந்தும் வருவது ஒரே பதில். ஒரே பதில் மட்டும் வரக்கூடிய கேள்வியால் உங்களுக்கு என்ன தகவல் கிடைக்கும்? நீங்கள் மூச்சு வாங்க ஓர் இடம் கிடைக்கிறது, வேறொன்றும் இல்லை. மூச்சுத்தான் வாங்க வேண்டும் என்றால் சும்மா நில்லுங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் குமுளியில் ஜீப் ஓட்டுகிறான். பள்ளியில் ஆங்கிலத்தில் 35 வாங்கவே திணறியவன். தேக்கடி பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களோடு இன்று அவன் பேசுகிற ஆங்கிலம், நானே நின்று கேட்கிற ஆங்கிலம். எப்படிடா என்றேன். “டீச்சர், வகுப்புல எஸ்சுன்னு சொன்னா விட்டுருவாங்க. இங்க எஸ்சுன்னு சொல்லிட்டு வேற எடத்துல கொண்டுபோய் எறக்கிவிட்டா காசு தர மாட்டான்ல” என்றான். சுற்றுலாக்காரர் அவனிடம் புரிகிறதா என்று கேட்பதில்லை. வண்டி எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறார். நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைச் செய்வது சுலபம். இரண்டு திராட்சை விவசாயிகளின் விற்பனைச் சீட்டுகளைப் பார்த்து யாருக்கு அதிகப் பணம் என்று கண்டுபிடிக்கிற உங்கள் பாடத்திலேயே காட்டுகிறேன். ‘தி மெர்ச்சண்ட் டுக் டென் பர்சென்ட்’ என்ற வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்கிறீர்கள். அதற்குப் பதிலாக, “நூறு ரூபாய்க்கு விற்றால் விவசாயி கைக்கு எவ்வளவு வரும்? நோட்டில் எழுதித் தூக்கிக் காட்டு” என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கலாம். வகுப்பின் 42 நோட்டுகளும் மேலே வரும். 90 என்று எழுதியவர்கள் யார், 10 என்று எழுதியவர்கள் யார், பக்கத்து நோட்டைப் பார்க்கிறவர்கள் யார் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் பதில் சொல்ல வராத பிள்ளைக்கும் ஆங்கிலம் புரிந்திருக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியும். வாய் பேசத் தயாராகும் முன்பே காது தயாராகிவிடுகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் காதைச் சோதிக்க வாயைத்தான் நம்புகிறோம்.

இப்போது இரண்டாவது. இதற்காகத்தான் உண்மையில் பேனாவை எடுத்தேன்.

பிரதியின் நான்காவது பக்கம். ‘விச் ஃபார்மர் காட் மோர் மணி? ஒய்?’ என்று கேட்கிறீர்கள். அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் ‘அமைதி’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கடுத்து ஒரு மாணவன், பெயர் போடவில்லை, ‘பின் பெஞ்ச்’ என்று மட்டும் இருக்கிறது. “கமிஷன் போயிரும்ல சார்” என்கிறான். நீங்கள் “இங்கிலீஷ் ப்ளீஸ்!” என்கிறீர்கள். அவன் வாயை மூடிக்கொள்கிறான். உடனே நீங்கள், “ஓகே, ஸீ, தி ஃபர்ஸ்ட் ஃபார்மர்...” என்று ஆரம்பித்து முழுக் கணக்கையும் போட்டு விடையையும் சொல்லிவிடுகிறீர்கள். முடித்ததும் ‘அண்டர்ஸ்டாண்ட்?’

தம்பி, அந்த வகுப்பில் அன்று யோசித்தவன் அவன் ஒருவன்தான். விடை அவனிடம் இருந்தது. காரணமும் இருந்தது. இல்லாதது நான்கு ஆங்கிலச் சொற்கள். அந்த நான்கு சொற்களைக் கொடுப்பதற்குத்தான் அரசு நமக்குச் சம்பளம் தருகிறது. “எஸ், பிகாஸ் ஆஃப் தி கமிஷன். ஸே இட்” என்று சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லியிருப்பான். தன் சொந்த எண்ணத்தை முதல்முறையாக ஆங்கிலத்தில் கேட்டிருப்பான். பிறகு அவனிடமே, ‘ஹவ் மச் கமிஷன்?’ என்று அடுத்த கேள்வியைப் போட்டிருக்கலாம். கணக்கை அவனே கரும்பலகை வரைக்கும் கொண்டு வந்திருப்பான்.

வகுப்பில் தமிழே கூடாது என்பவர்களோடு நான் வாழ்நாள் முழுதும் சண்டை போட்டிருக்கிறேன். தமிழ் பேசினால் அபராதம் என்று பலகை மாட்டிய வகுப்பறைகளையும் பார்த்திருக்கிறேன். வேல்ஸ் நாட்டில் டாட்சன் என்பவர் 1967-ல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். பொருளைத் தாய்மொழியில் ஒரு முறை சொல்லிவிடு, மிச்ச நேரம் முழுவதையும் கற்க வேண்டிய மொழிக்குச் செலவழி என்பதுதான் அதன் சாரம். நான் செய்தது இன்னும் எளியது: ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் மெல்ல ஒரு முறை, மறுபடி ஆங்கிலத்தில் இரண்டு முறை. ஒரு புதுச் சொல்லைத் தமிழில் மூன்று விநாடியில் விளக்காமல், படம் வரைந்து நடித்துக் காட்டி ஐந்து நிமிடம் போக்கினால் அந்த ஐந்து நிமிடமும் பிள்ளை ஆங்கிலம் பேசவில்லை என்றுதான் அர்த்தம். பிள்ளை தமிழில் பதில் சொன்னால் அது தப்பான பதில் கிடையாது. இன்னும் ஆங்கிலம் ஏறாத சரியான பதில்.

அந்த ‘அமைதி’ எவ்வளவு நேரம் நீடித்தது என்று உங்கள் பதிவைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். ஒரு விநாடிக்கு மேல் இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்களின் நீளம் கூடியது, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அதுவும் தாய்மொழியில் பதில் சொன்ன பிள்ளைகள். நம் பிள்ளை கேள்வியை ஆங்கிலத்தில் வாங்கி, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தைத் தேட வேண்டும். மூன்று விநாடி எப்படிப் போதும்? ஐந்து, ஆறு என்று மனசுக்குள் எண்ணுங்கள்.

எனக்கு ஆங்கிலம் தொடங்கி வைத்த மாஸ்டருக்கு எண்ணத் தேவை இருக்கவில்லை. அவர் வாயில் எப்போதும் வெற்றிலை. கேள்வியைக் கேட்பார், ஜன்னலுக்கு நடப்பார், வெளியே எட்டித் துப்புவார், மேற்கே மலையில் மழை இறங்குகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார், திரும்பி வருவார். வருவதற்குள் யாராவது ஒருவன் விடையோடு எழுந்து நிற்பான். நிற்கவில்லை என்றால் இன்னொரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பிப்பார். அவர் வாயில் வெற்றிலை இருந்ததால் அதிகம் பேசவும் முடியாது. பேச வேண்டியவர்கள் நாங்கள்தான். அவரைவிட நல்ல ஆங்கில உச்சரிப்பு உள்ள ஆசிரியர்களிடம் பிறகு படித்தேன். அவர்களிடம் நான் பேசியதே இல்லை.

அந்த மாஸ்டர் காலத்தில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அப்போதைய மதராஸ் மாநிலம் முழுக்க ஒரு பயிற்சி நடந்தது. ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுப்பது திட்டம். மேலே சிலருக்குப் பயிற்சி, அவர்கள் கீழே பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. ‘மதராஸ் ஸ்னோபால்’ என்ற பெயரில் 1962-ல் ஓர் ஆங்கில ஆய்விதழில் கட்டுரையே வந்தது. எங்கள் மாஸ்டரும் அதில் எங்கோ கீழ்ப் படியில் உட்கார்ந்து எழுந்து வந்தவர் என்றே சொல்வார்கள். இப்படிப் படிப்படியாக இறங்குகிற பயிற்சியில் ஒரு வினோதம் உண்டு. செய்கை கடைசிப் படி வரை வந்து சேர்ந்துவிடும், காரணம் பாதி வழியிலேயே நின்றுவிடும். கட்டத்துக்குக் கட்டம் சொல்லை மாற்றி மாற்றி வாக்கியம் செய்கிற மாற்றீட்டு அட்டவணை கிராமம் வரை வந்தது. அதை ஏன் போடுகிறோம் என்பது வரவில்லை. கோரஸ் வந்தது, கோரஸை எப்போது நிறுத்த வேண்டும் என்பது வரவில்லை. இன்று வட்டார வள மையத்தில் கருத்தாளர்கள் நடத்தும் கூட்டங்களிலும் இதையே பார்க்கிறேன். பெரிய தாளும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்துக் குழுவாக உட்கார வைக்கிறார்கள். குழு ஏன் என்று கேட்டால், ‘குழுச் செயல்பாடு, மேடம்’ என்கிறார்கள். நீங்களும் பாடத்தின் நடுவே எட்டு நிமிடம் குழுப் பிரித்திருக்கிறீர்கள். அந்த எட்டு நிமிடத்தில் பதிவான ஆங்கிலம் ‘கிவ் ஸ்கேல்’ மட்டும்தான்.

சரி, திட்டியது போதும். அந்த இரண்டு சீட்டுகளைப் பற்றிப் பேசாமல் கடிதத்தை முடித்தால் நான் மனுஷியே இல்லை.

பாடப் புத்தகத்தில் இருந்த பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு, திராட்சை வியாபாரி எழுதிக் கொடுக்கிற மாதிரி இரண்டு சீட்டுகளை ஆங்கிலத்தில் நீங்களே தயாரித்திருக்கிறீர்கள். முதல் விவசாயிக்கு 400 கிலோ, கிலோ 40 ரூபாய், கழிவு எதுவும் இல்லை. இரண்டாவது விவசாயிக்கு 420 கிலோ, கிலோ 42 ரூபாய், ஆனால் 10 சதவீதம் கமிஷன். பார்த்தவுடனே எல்லோரும் இரண்டாவது ஆளைத்தான் சொல்வார்கள். எடையும் கூட, விலையும் கூட. கணக்குப் போட்டால் முதல் ஆளுக்கு 16,000, இரண்டாவது ஆளுக்கு 15,876. முதல் ஆளுக்கே 124 ரூபாய் அதிகம். அந்த 124 ரூபாயைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு இப்படி ஒரு வித்தையை நான் யோசித்ததில்லை, என்னோடு வேலை பார்த்தவர்களும் யோசித்ததில்லை. பந்தலுக்கு அடியில் அப்பா வியாபாரியிடம் பேரம் பேசுவதைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நாங்கள் மேடையில் பேசத்தான் பயன்படுத்தினோம். நீங்கள் அதே திராட்சையை வைத்துப் பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கிற ஒரு கேள்வி செய்துவிட்டீர்கள்.

என்.எஸ். பிரபுவை நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. படிக்காமலே இந்த இடத்துக்கு வந்திருந்தால் பாராட்டு இரட்டிப்பு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணம் நடத்தவில்லை, வாக்கிய அமைப்பு நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரியானவற்றைக் கொடுத்து, யோசித்தால்தான் விடை வரும் கேள்விகளைக் கேட்டார். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. 1987-ல் அதைப் புத்தகமாக எழுதினார். இன்று உலகம் முழுக்க ‘டாஸ்க்’ என்று பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தச் சோதனைக்குக் கடன்பட்டவர்கள். அது பிறந்தது நம் பக்கத்து வகுப்பறைகளில்.

அவரிடமிருந்து உங்களுக்கு இரண்டு விஷயம் எடுத்துத் தருகிறேன். ஒன்று, முன்பணி. உண்மையான கணக்கைக் கொடுப்பதற்கு முன், அதே மாதிரி இன்னொரு கணக்கை ஆசிரியர் முழு வகுப்போடும் கேள்வி கேட்டுக் கேட்டுத் தீர்ப்பார். பிறகுதான் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகத் தன் கணக்கைச் செய்யும். உங்கள் கை பரபரக்கிறதல்லவா, விடையைச் சொல்லிவிட வேண்டும் என்று? அந்தப் பரபரப்பை முன்பணியில் தீர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு சீட்டு தயார் செய்து அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து போடுங்கள். இரண்டு, அவருடைய அளவுகோல்: வகுப்பில் பாதிப் பேருக்காவது பணியில் பாதியாவது வந்தால் அந்தப் பணி சரியான கனம் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் எல்லாம் வர வேண்டும் என்ற பதற்றம் இருப்பதால்தான் நாம் விடையைச் சொல்லிவிடுகிறோம்.

குழுவாக உட்கார வைப்பதிலும் பிரபுவுக்கு நம்பிக்கை இல்லை. ஒருவன் பிழையை இன்னொருவன் கற்றுக்கொள்வான் என்று பயந்தார். அதில் அவரோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பிள்ளையைப் பேச வற்புறுத்த வேண்டாம், பேச்சு தானாக வரும்போது வரட்டும் என்பார். அங்கே நான் பிரிகிறேன். நம் பிள்ளைகளில் பலருடைய அம்மா விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது, படிக்க உட்காரவும் நேரம் கிடையாது. இந்தப் பிள்ளையின் வாயில் ஆங்கிலம் நுழைய வேண்டுமென்றால் அந்த 40 நிமிடத்தில் நுழைந்தால்தான் உண்டு. 42 பேரை ஒவ்வொருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, தலைமையாசிரியர் கூப்பிட்டார் என்று வருகிற ஆள், இவற்றைக் கழித்தால் அரை நிமிடம்.

இங்கேதான் நான் எப்போதும் ஏறுகிற குதிரையில் ஏறப் போகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் இந்தப் பேச்சை ஆரம்பித்தாலே டீ குடிக்கப் போய்விடுவார்கள். கடிதத்திலிருந்து நீங்கள் ஓட முடியாது.

மைக்கேல் வெஸ்ட் என்று ஒருவர். 1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். ‘டீச்சிங் இங்கிலீஷ் இன் டிஃபிகல்ட் சர்க்கம்ஸ்டன்சஸ்’ என்ற மெல்லிய புத்தகத்தை 1960-ல் எழுதினார். முப்பதுக்கு மேல் பிள்ளைகள், நெருக்கியடித்த பெஞ்சு, வெயில், ஆங்கிலம் அவ்வளவாகப் பேச வராத ஆசிரியர்: இதைக் கற்பனை செய்து எழுதவில்லை, வங்காளத்தில் கண்ணால் பார்த்து எழுதினார். அதில் ஒரு உத்தி வருகிறது. பிள்ளை புத்தகத்தில் ஒரு சிறு சொற்றொடரை மனசுக்குள் படிக்க வேண்டும். பிறகு தலையை நிமிர்த்தி, எதிரே இருக்கிறவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டால் மறுபடி குனிந்து பார்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஒரே விதி: வாய் திறந்திருக்கும்போது கண் புத்தகத்தில் இருக்கக் கூடாது.

கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் தெரியும். நாளைக்கே வகுப்பில் செய்து பாருங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் அந்த வாக்கியம் ஒரு கணமாவது பிள்ளையின் தலைக்குள் தங்கியாக வேண்டும். உரக்கப் படிக்கச் சொன்னால் அது தங்குவதில்லை. எழுத்தைப் பார்த்து ஒலியை உதிர்த்துவிட்டுப் போய்விடுகிறது. உங்கள் பிரதியில் ஒரு பெண் பிள்ளை ஒரு பத்தி முழுவதையும் பிழையில்லாமல் வாசிக்கிறாள், நீங்கள் ‘வெரி குட்’ என்கிறீர்கள். ‘வாட் டிட் யூ ரீட்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டு இரண்டு பேராக எதிரும் புதிருமாகத் திருப்பி உட்கார வையுங்கள். ஒரே நேரத்தில் 21 வாய்கள் ஆங்கிலம் பேசும். பத்து நிமிடம் செய்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நிமிடம். பிரபு பயந்த பிழைத் தொற்றும் இங்கே இல்லை, ஏனென்றால் கையில் சரியான வாக்கியம் இருக்கிறது. முதல் வாரம் மூன்று சொல், நான்கு சொல்லாக உடைத்துக் கொடுங்கள்: ‘தி மெர்ச்சண்ட்’, ‘டுக் டென் பர்சென்ட்’, ‘ஃப்ரம் தி செகண்ட் ஃபார்மர்’. நீள வாக்கியத்தில் நாக்கு சிக்கினால் வாலிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் ‘செகண்ட் ஃபார்மர்’, அப்புறம் ‘ஃப்ரம் தி செகண்ட் ஃபார்மர்’, அப்புறம் முழுசும். பின்னாலிருந்து கட்டினால் வாக்கியத்தின் முடிவு ஏற்கெனவே பழகியிருக்கும். பிள்ளை தெரிந்த இடத்தை நோக்கிப் பேசுவதால் நடுவில் நிற்காது. வாசிக்கவே வராத பிள்ளை இருந்தால் பக்கத்துப் பிள்ளை காதில் சொல்லட்டும். நிமிர்ந்து சொல்வதை மட்டும் அந்தப் பிள்ளையே செய்யட்டும்.

உங்கள் சீட்டோடு இதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இரவு தூங்கவில்லை. பழைய மாற்றீட்டு அட்டவணையை எடுத்தேன், அந்த ஸ்னோபால் காலத்துச் சரக்கு. முதல் கட்டத்தில் வியாபாரி, விவசாயி, டிரைவர். இரண்டாவது கட்டத்தில் ‘பெய்ட்’, ‘டிட் நாட் பே’. மூன்றாவது கட்டத்தில் பெட்டிக்கு, ஆள் கூலிக்கு, லாரிக்கு. இந்த மூன்று கட்டத்திலிருந்து 18 வாக்கியம் பிறக்கும். அந்தக் காலத்தில் 18-ஐயும் கோரஸாகக் கத்தினோம், அதனால்தான் செத்தோம். நீங்கள் சீட்டின் அடியில் பெட்டிச் செலவு, ஆள் கூலி, லாரி வாடகை யார் தலையில் என்று மூன்று வரி சேருங்கள். இப்போது அந்த 18-இல் ஒன்பது உண்மை, ஒன்பது பொய். ஒரு பிள்ளை அட்டவணையைப் பார்த்து, நிமிர்ந்து, ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சீட்டைக் கையில் வைத்திருக்கும் எதிர்ப் பிள்ளை ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ சொல்ல வேண்டும். பொய் சொல்லி மாட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை வரும் பாருங்கள், அப்போது யாரும் கோரஸ் போடச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிற பிள்ளைக்கும் வேலை இருக்கிறது, யாரும் சும்மா உட்கார முடியாது. ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று நீங்கள் கேட்க வேண்டிய அவசியமே வராது.

ஓர் எச்சரிக்கை. இப்படி நடத்தினால் உங்கள் வகுப்பு வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்காது. ஒரு நேரம் சந்தை மாதிரி இரைச்சல், ஒரு நேரம் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்பீர்கள். ஒரு முறை என் வகுப்பைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, ‘ஆசிரியர் போதுமான அளவு கற்பிக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். பக்கத்து வகுப்பில் ஆசிரியர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், அவருக்கு ‘நன்று’. அந்தக் குறிப்பை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். உங்களுக்கும் ஒன்று கிடைக்கும், கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்த பாடத்தையும் இதேபோலப் பதிவு செய்து எழுதுங்கள். இந்த முறை நீங்கள் பேசியதை ஒரு நிறத்திலும் பிள்ளைகள் பேசியதை இன்னொரு நிறத்திலும் எழுதுங்கள், தமிழில் பேசியதையும் சேர்த்து. அந்தப் பின் பெஞ்சுக்காரனுக்குப் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, அவன் எத்தனை தடவை வாய் திறந்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம், இது உத்தரவு இல்லை, விண்ணப்பம். அந்த இரண்டு சீட்டுகளின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நடத்திப் பார்க்க வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லித்தான் நடத்துவேன். 124 ரூபாயை மட்டும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆங்கில டீச்சர்